எந்த வைரஸ்? பன்றிகளில் நோய்க்கிருமியை இனங்காணும் அறிவியல்

கடுங்காய்ச்சல், தீனியில் நாட்டமின்மை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடத்தல், காதுமடலும் அடிவயிறும் செந்நீலமாக நிறம் மாறுதல், சில நாள்களில் இறப்பு என ஒரு பண்ணையில் அறிகுறிகள் அடுத்தடுத்துத் தோன்றும்போது, அனுபவம் முதிர்ந்த கால்நடை மருத்துவராலும் அது இன்ன நோய்தான் என்று கண்ணால் கண்டு உறுதி கூற இயலாது. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே அறிகுறிகளைக் காட்டுகின்றன. ஆனால் அவற்றை உண்டாக்கும் இரு வைரஸ்களுக்கும் இடையே எவ்வித உறவும் கிடையாது. முன்னதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 12,300 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை, பின்னதன் மரபுப்பொருள் 1,70,000 முதல் 1,94,000 எழுத்து இணைகள் வரை நீளும் டி.என்.ஏ. (மரபுப்பொருளில் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ள நால்வகை வேதிக்கூறுகளே இங்கே எழுத்துகள் எனப்படுகின்றன.) முன்னதைத் தடுக்கப் பல்லாண்டுகளாகத் தடுப்பூசி உண்டு, பின்னதற்கு இந்தியாவில் புழக்கத்தில் உள்ள தடுப்பூசி எதுவும் இல்லை, நோய் கண்ட பண்ணையின் பன்றிகளைக் கொன்று புதைப்பதே நடைமுறை. ஊசி போடுவதா, குழி தோண்டுவதா என்பதை ஆய்வகம் தரும் விடையே முடிவு செய்கிறது.

அந்த விடைக்கு இரண்டு படிகள் உண்டு. மாதிரியில் வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிவது முதற்படி. அதன் மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படித்து, அது அக்குடும்பத்தின் எந்தக் கிளை, எங்கிருந்து வந்தது, தடுப்பூசிக்குக் கட்டுப்படுமா, பழையதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றெல்லாம் தெளிவது இரண்டாம் படி. முதற்படியில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவில் 1998-99 ஆண்டுகளில் நிகழ்ந்ததைவிடக் கடுமையான சான்று வேறு இல்லை.

1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தின் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியவர்களிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. நோயுற்றவர்களில் சிலரின் குருதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டமையால், நோய் அதுவே என்று கருதப்பட்டது. அக்கருத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. ஏனெனில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, அங்கிருந்து கியூலெக்ஸ் கொசு வழியாக மனிதனை அடைவது நன்கு அறியப்பட்ட ஒன்று. (இந்தியாவில் மனிதரிடம் அந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதும் 1955இல் வேலூரில்தான்.) கொசு மருந்துப் புகை அடிக்கப்பட்டது, பண்ணையாளர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. இறப்புகளோ நிற்கவில்லை.

பின்னோக்கிப் பார்க்கையில், களத்திலேயே தெரிந்த உண்மைகள் பல அந்த முடிவுக்கு எதிராக நின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. ஈப்போவில் வீழ்ந்தவர்களோ பன்றியோடு நேரடியாகப் புழங்கிய வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. எனினும் பண்ணைக்கு அருகிலேயே வாழ்ந்து பன்றியைத் தொடாதவர்கள் நோயிலிருந்து தப்பினர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வளர்ந்த பன்றியை வெளிப்படையாக நோயில் தள்ளுவது அரிது. சினைப்பன்றிகளில் கருச்சிதைவும் செத்துப் பிறக்கும் குட்டிகளுமே அதன் வழக்கமான அடையாளம். ஈப்போப் பன்றிகளோ மூச்சிரைத்தன, தொலைவிலிருந்தும் கேட்கும் அளவுக்கு உரக்க இருமின. பன்றிகளின் இருமலைக் கேட்டு, அதற்குரிய மதிப்பை அளித்திருந்தால் நாள்கள் மிஞ்சியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனி அறைகளில் அமர்ந்திருப்பதன் விலை இத்தகைய தருணங்களில்தான் தெரிகிறது.

இதற்கிடையே, அச்சமுற்ற பண்ணையாளர்கள் மந்தைகளை விற்றுத் தீர்க்க முற்பட, நோயுற்ற பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் பயணப்பட்டு, அந்நாட்டின் மிகப்பெரிய பன்றி வளர்ப்புப் பகுதியான புக்கிட் பெலான்டோக் வட்டாரத்தில் நோயைக் கொண்டு சேர்த்தன. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய சுவா கா பிங், சுங்கை நிப்பா என்னும் ஊரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரை ஆய்வக உயிரணுக்களில் வளர்த்தபோது, அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரும் உயிரணுக்களாக மாறுவதைக் கண்டார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் இயல்பு இதுவன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் வைரஸ்கள் அடங்கிய பாராமிக்சோ குடும்பத்தின் வடிவம் தெரிந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர்ப்புறத்தில் குதிரைகளையும் அவற்றைப் பராமரித்தவர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இப்புதிய வைரஸையும் பற்றிக்கொண்டன. அது ஹெண்ட்ராவேதானா என்ற ஐயத்தைத் தீர்த்துவைத்தது மரபணு வரிசை: நெருங்கிய உறவு, ஆனால் வேறு வைரஸ். நோயாளியின் ஊரையொட்டி அதற்கு நிப்பா என்று பெயரிடப்பட்டது.

உண்மை தெரிந்த பின் நடவடிக்கையின் திசை முற்றிலும் மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியின் நடமாட்டம் தடுக்கப்பட்டது. பண்ணையாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் அளிக்கப்பட்டன. ஏப்ரல் இறுதிக்குள் ஏறத்தாழ 9 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. பிறகு, எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை நாடெங்கும் உள்ள பண்ணைகளில் நடத்தப்பட்டதில், வெளியே தெரியாமல் நோய் பரவியிருந்த மேலும் 50 பண்ணைகள் அகப்பட்டன. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர்; மலேசியப் பன்றிகளை இறக்குமதி செய்த சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். பன்றிகளில் இறப்பு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. மந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டு மனிதர்களைக் கொன்ற நோய் இது.

மரபணு ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. வைரஸின் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால்கள் என்பது பின்னர் தியோமான் தீவில் அவற்றின் சிறுநீரிலிருந்தே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டபோது உறுதியாயிற்று. பன்றிக் கொட்டில்களை ஒட்டி வளர்க்கப்பட்ட பழ மரங்கள் இரண்டு விலங்குகளையும் ஓரிடத்தில் சேர்த்திருந்தன. பேராக்கின் பன்றியிலிருந்து எடுத்த வைரஸும் தெற்கே பரவிய வைரஸும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இராமையால், வௌவாலிலிருந்து பன்றிக்கு அது ஒருமுறைக்கு மேல் தாவியிருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. மலேசிய நிப்பாவின் மரபுத்தொடர் 18,246 எழுத்துகள் கொண்டது. வங்கதேசத்தில் மனிதரிடம் காணப்படுவது 18,252 எழுத்துகள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் உயிர்களைப் பறித்தது மலேசிய வகையன்று, வங்கதேச வகைக்கு நெருங்கியது. ஆகவே அங்கே பன்றியைத் தேடி ஓடாமல், வௌவாலையும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதையும் முதன்மையாகக் கவனித்ததற்கு அறிவியல் அடிப்படை இருந்தது.

ஆய்வகத்தில் இந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை மாதிரியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். உயிருள்ள பன்றியிடமிருந்து குருதியும், மூக்கு அல்லது தொண்டையில் தடவி எடுத்த பஞ்சும், இறந்த பன்றியிடமிருந்து மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், டான்சில், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளும் எடுக்கப்படுகின்றன. பன்றியைப் பிடித்துக் குருதி எடுப்பது எளிய வேலையன்று. விலங்கும் மிரளும், பிடிப்பவரும் அடிபடுவார். ஆகவே பெரிய பண்ணைகளில் முறுக்கிய பருத்திக் கயிற்றைக் கொட்டிலில் தொங்கவிட்டு, பன்றிகள் இயல்பான ஆர்வத்தால் அதை மென்று நனைத்த பிறகு பிழிந்து, ஒரு கொட்டிலில் உள்ள பன்றிகளின் உமிழ்நீரை ஒற்றை மாதிரியாகச் சேகரிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. எந்த மாதிரியானாலும் குளிரில் வைத்து விரைவாக அனுப்பப்பட வேண்டும். வெயிலில் அழுகிய மண்ணீரலிலிருந்து, குறிப்பாக எளிதில் சிதையும் ஆர்.என்.ஏ. வைரஸ்களைப் பொறுத்தவரை, எந்தப் பொறியாலும் உறுதியான விடை பெற முடியாது.

பெரும்பாலான ஆய்வகங்களில் இன்று முதலில் செய்யப்படுவது கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். சோதனையே. வைரஸின் மரபுத்தொடரில் அதற்கே உரிய ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அப்பகுதியின் இரு முனைகளிலும் பொருந்தி உட்காரக்கூடிய குறுகிய டி.என்.ஏ. துண்டுகளைச் செயற்கையாகச் செய்து மாதிரியில் சேர்ப்பார்கள். சூடேற்றியும் குளிர்வித்தும் மீண்டும் மீண்டும் சுழற்றும்போது, அப்பகுதி இருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் இரு மடங்காகப் பெருகி, ஒளிரும் சாயத்தால் தன் இருப்பைக் காட்டும். இல்லாவிட்டால் எதுவும் பெருகாது. வைரஸ் ஆர்.என்.ஏ. வகையாயின், அதை முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். இச்சோதனையின் வலிமையும் வரம்பும் ஒன்றே: எதைத் தேடுகிறோமோ அதை மட்டுமே அது கண்டுபிடிக்கும். ஈப்போவில் 1998இல் மிகச் சிறந்த பி.சி.ஆர். பொறி இருந்திருந்தாலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குரிய துண்டுகளை இட்டுத் தேடியிருந்தால் இல்லை என்ற விடையோடு நின்றிருக்கும்.

எதிர்ப்பொருள் சோதனை இதனின்றும் வேறுபட்டது. அது வைரஸைத் தேடுவதில்லை. வைரஸைச் சந்தித்த உடல் உண்டாக்கிய புரதத்தைத் தேடுகிறது. நோய் கடந்து போன மந்தையையும், அறிகுறியில்லாமல் தொற்றைத் தாங்கிய மந்தையையும் கண்டறிய அது ஏற்றது. ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போல ஒரு வாரம், பத்து நாளில் கொல்லும் நோயில், எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பன்றி இறந்துவிடுவதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வைரஸ் இருப்பது தெரிந்த பின்பே எழுத்து வரிசையைப் படிக்கும் பணி தொடங்குகிறது. பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டே எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கணித்தார்கள். ஒருவர் செய்த எழுத்துப்பிழை அவருடைய சுவடியைப் பார்த்து எழுதிய எல்லாருடைய சுவடியிலும் தொடர்ந்து வந்து, அந்த மரபைக் காட்டிக்கொடுக்கும். வைரஸ் பெருகும்போதும் தன் மரபுத்தொடரைப் படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. அவை சந்ததிகளுக்குத் தொடர்கின்றன. இரண்டு ஊர்களில் எடுத்த வைரஸ்களில் ஒரே பிழைகள் ஒரே இடங்களில் இருந்தால், அவை அண்மைக் காலத்தில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று கொள்ளலாம். இந்த ஒப்பீட்டிலிருந்து வரையப்படும் கிளைப் படத்தை மரபுவழி மரம் என்பர்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வரலாறு பெரிதும் இந்த மரத்தின் துணையோடுதான் எழுதப்பட்டது. 1921இல் மாண்ட்கோமரி என்னும் கால்நடை மருத்துவர் கென்யாவில் குடியேறிய ஐரோப்பியர்களின் பன்றிகளை அழித்த இந்நோயை முதன்முதலாக விவரித்தார். அம்மண்ணின் காட்டுப்பன்றி இனங்களும் மென்னுண்ணிகளும் இவ்வைரஸை நோயின்றிச் சுமந்து திரிந்தன. வெளியிலிருந்து வந்த வீட்டுப்பன்றியோ அதைத் தாங்கவில்லை. 1957இல் லிஸ்பனுக்கு வந்து, பின் ஸ்பெயினிலும் பரவி, 1990களில்தான் ஐபீரியத் தீபகற்பத்தை விட்டு அது நீங்கியது. 2007இல் கருங்கடலோரத்து ஜார்ஜியாவில் பன்றிகள் மடிந்தபோது, ஐரோப்பாவுக்குப் பழக்கமான வகையே எங்கிருந்தோ மீண்டிருக்கும் என்று ஊகிப்பது எளிதாக இருந்திருக்கும். வைரஸின் மரபுப்பொருளைச் சூழ்ந்த கூட்டை ஆக்கும் பி72 என்னும் புரதத்துக்குரிய மரபணுவின் கடைசி 478 எழுத்துகளைப் படித்தபோது விடை வேறாக இருந்தது. ஐரோப்பாவில் முன்பு பரவியது முதலாம் மரபணு வகை. இதுவோ மொசாம்பிக், மடகாஸ்கர், ஜாம்பியா பகுதிகளில் காணப்படும் இரண்டாம் வகை. போட்டி துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து கழித்த உணவில் இருந்த பன்றி இறைச்சி, அங்கு மேய்ந்த பன்றிகளின் வாய்க்குச் சென்றிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இவ்வைரஸ் உறைந்த இறைச்சியிலும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும் என்பதால் இது நம்பத்தக்கதே.

அந்த இரண்டாம் வகைதான் ரஷ்யாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் கடந்து, 2018 ஆகஸ்டில் சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில், உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதியை வளர்த்த நாட்டில், தலைகாட்டியது. 2020இன் தொடக்க மாதங்களில் அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும் பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலே என்று உறுதி செய்தது. மரபணு வகையும் இரண்டாவதே. வடகிழக்கு மாநிலங்களில் பன்றி என்பது பெருநிறுவனப் பண்ணையின் சரக்கன்று, வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்றாக வளர்த்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் விற்கும் சேமிப்பு. அழிவின் அளவை மந்தைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடியிலும், 2023இன் தொடக்கத்தில் நீலகிரியின் முதுமலைக் காட்டில் இறந்த காட்டுப்பன்றிகளிலும் இந்நோய் உறுதியானது. இது மனிதரைத் தாக்குவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்; செய்தித்தாள்களில் பன்றிக் காய்ச்சல் என்று வந்தாலே 2009இன் இன்ஃபுளுவென்சாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் இன்னும் நீங்கவில்லை.

478 எழுத்துகளில் ஒரு கண்டத்தின் கதை தெரிந்தது உண்மையே. ஆயினும் 1,90,000 எழுத்துகளுக்கு அருகே நீளும் ஒரு தொடரில் அது கால் சதவீத அளவுதான். சீனாவிலும் அசாமிலும் போலந்திலும் பி72 மரபணு ஒரே விடையைத் தந்தது, எல்லாம் இரண்டாம் வகை. அதற்குள் எது எதன் வழித்தோன்றல் என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் வேறு இடங்களைத் தேடினர். இரண்டு மரபணுக்களுக்கு இடைப்பட்ட ஓரிடத்தில் பத்தெழுத்துத் துண்டு ஒன்று சிலவற்றில் மட்டும் கூடுதலாகத் திரும்ப வருவதைக் கண்டு, ஜார்ஜியாவின் மூல வைரஸிலிருந்து பின்னர் பிரிந்த கிளையை இனங்கண்டனர். முழு மரபுத்தொடரையும் படிப்பதே இன்று விரும்பப்படும் முறை. கைக்கடக்கமான நானோதுளைப் பொறிகள் வந்தபின் அதைச் சிறிய ஆய்வகத்திலும் செய்ய முடிகிறது.

ஒரு மரபணுவை மட்டும் நம்புவதன் ஆபத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில் வெளிச்சமானது. சீனாவின் ஜியாங்சு, ஹெனான், உள் மங்கோலியப் பகுதிகளில் எடுக்கப்பட்ட வைரஸ்கள் பி72 சோதனையில் முதலாம் வகை என்றே காட்டின. சீனாவில் அதற்குச் சற்று முன் கண்டறியப்பட்டிருந்த முதலாம் வகை வீரியம் குறைந்தது. எனினும் இவை பன்றிகளைக் கடுமையாகக் கொன்றன. முழுத்தொடரைப் படித்தபோது, முதலாம் வகையின் துண்டுகளும் இரண்டாம் வகையின் துண்டுகளும் மாறி மாறித் தைக்கப்பட்ட கலப்பு வைரஸ்கள் அவை என்பது தெரியவந்தது. ஒரே பன்றியில் இரு வகைகளும் ஒருங்கே தொற்றும்போது இத்தகைய மறுசேர்க்கை நிகழும். இரண்டாம் வகையிலிருந்து செய்த வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசி, அந்த ஆய்வில், இக்கலப்பு வைரஸிடமிருந்து பன்றிகளைக் காக்கவில்லை. பின்னர் வியட்நாமிலும் இக்கலப்பு வகை கண்டறியப்பட்டது. ஜார்ஜிய வைரஸிலிருந்து ஒரு மரபணுவை நீக்கிச் செய்த தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி அளித்த நாடு வியட்நாம் என்பதால், அங்கே இச்செய்தி வெறும் ஆய்வக ஆர்வத்துக்குரியதாக இல்லை.

தடுப்பூசி புழங்கும் இடத்தில் மரபணு வரிசைக்கு இன்னொரு பணியும் சேர்கிறது. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசி போடப்பட்ட பன்றியில் அந்தத் தடுப்பூசி வைரஸே சில நாள்கள் இருக்கும், பி.சி.ஆர். அதையும் தொற்று என்றே காட்டக்கூடும். அந்த வைரஸின் ஈ2 என்னும் உறைப் புரதத்தின் மரபணுவைப் படித்தால்தான் அது ஊசியில் வந்ததா, கொட்டிலுக்குள் புகுந்ததா என்று பிரிக்க முடியும். இந்தியாவில் நெடுங்காலம் 1.1 என்னும் துணைவகையே மிகுதியாக இருந்து, பின்னர் 2.1, 2.2 ஆகிய துணைவகைகளும் பரவியிருப்பது இவ்வாறு தெரியவந்தது. 2013இல் மிசோரமில் சினைப்பன்றிகள் கரு கலைந்தும் குட்டிகள் மூச்சுத்திணறியும் இறந்தபோது, இனப்பெருக்க, சுவாச நோய்க்குறி வைரஸ் இந்தியாவில் முதன்முறையாக உறுதியானது. அது சீனாவில் 2006இல் பேரழிவு விளைவித்த கடும் வகையை ஒத்திருந்தது. அந்தக் கடும் வகையின் புரதம் ஒன்றில் 30 அமினோ அமிலங்கள் விடுபட்டிருப்பதே அதைக் காட்டித்தரும் அடையாளம்.

இதுவரை கூறியவை எல்லாம் தெரிந்த வைரஸைத் தேடும் முறைகள். தெரியாததைப் பிடிக்க, மாதிரியில் உள்ள மரபுப்பொருள் அனைத்தையும் வேறுபாடின்றிப் படித்து, கணினியில் சலித்து, அறியப்பட்ட குடும்பங்களோடு ஒப்பிடும் முறை இப்போது உண்டு. பன்றி சர்க்கோ வைரஸின் மூன்றாம் வகை 2016இல் அமெரிக்காவில் இவ்வாறே கண்டுபிடிக்கப்பட்டது. சர்க்கோ வைரஸ்கள் மிகச் சிறியவை, ஏறத்தாழ 1,700 முதல் 2,000 எழுத்துகள் கொண்ட வட்ட டி.என்.ஏ.; முதல்வகை 1974இல் பன்றிச் சிறுநீரக உயிரணு வளர்ப்பொன்றில் அழையா விருந்தினராகத்தான் கண்டறியப்பட்டது. 2010இல் குழந்தைகளுக்கான ரோட்டா வைரஸ் சொட்டுமருந்தொன்றில் அதே முதல்வகையின் டி.என்.ஏ. இருப்பது வெளிப்பட்டு, அமெரிக்காவில் அம்மருந்தின் பயன்பாடு சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, மனிதருக்குக் கேடில்லை என்று கண்டபின் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனைத்தையும் படிக்கும் முறையின் சிக்கலும் இதில் தெரிகிறது: நலமாக உள்ள பன்றியின் சாணத்தில்கூடப் பல வைரஸ்கள் கிடைக்கும், கிடைத்ததெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாது. இரண்டாம் வகை சர்க்கோ வைரஸ் கொழுத்த குட்டியிலும் இருக்கிறது, மெலிந்து சாகும் குட்டியிலும் இருக்கிறது. திசுவில் அதன் அளவும், நிணநீர்க் கணுவின் சிதைவும், உடன் வந்த பிற தொற்றுகளும் சேர்த்துப் பார்க்கப்பட்டாலன்றிப் பழியை அதன் மேல் போட முடியாது.

இருந்தும் அகப்படாமல் போவது இதன் மறுபுறம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றிய பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதம் வாழ்ந்தார். பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் பன்றி சைட்டோமெகலோ வைரஸ் இல்லை என்றே சோதனைகள் கூறியிருந்தன. பின்னர் நோயாளியின் குருதியில் அதன் டி.என்.ஏ. காணப்பட்டது. உறுப்புகளில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பஸ் குடும்ப வைரஸை மூக்கில் தேடினால் கிடைக்காது என்ற பாடத்துக்கு அங்கே கொடுக்கப்பட்ட விலை சிறியதன்று. 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவென்சாவிலும் இதே குறை வேறு உருவில் தெரிந்தது. அவ்வைரஸின் எட்டு மரபுத் துண்டுகளில் ஆறு வட அமெரிக்கப் பன்றிகளின் வைரஸ் மரபிலிருந்தும் இரண்டு ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் மரபிலிருந்தும் வந்தவை. அவற்றின் முன்னோர்கள் பல ஆண்டுகள் பன்றிகளில் எவர் கண்ணிலும் படாமல் சுற்றியிருக்க வேண்டும் என்று எழுத்து வேறுபாடுகளின் கணக்கு காட்டியது. பன்றிகளிடமிருந்து போதிய மாதிரிகள் எடுக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

எத்தனை நுட்பமான பொறியாயினும் அதன் வேலை மாதிரி வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. மாதிரி வருவதோ பண்ணையாளர் வாய் திறப்பதைப் பொறுத்திருக்கிறது. இழப்பீடு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத நிலையில், இருமும் பன்றியை இறக்கும் முன் விற்றுவிடுவது ஏழை வளர்ப்பாளருக்குப் பகுத்தறிவுக்கு ஒத்த செயலாகவே தோன்றும். புக்கிட் பெலான்டோக்குக்கு நிப்பா சென்றதும் அந்த வழியில்தான். ஆய்வகங்களுக்குச் செலவிடும் அரசுகள் இழப்பீட்டை உரிய காலத்தில் கொடுப்பதையும் நோய் கண்டறியும் செலவின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள நோய் தாக்கியிருப்பதாக ஐயுறும் உரிமையாளர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த அட்டவணையில் உள்ளது. வெண்பன்றியோ நாட்டுப்பன்றியோ வளர்ப்பவர்கள் ஓட்டல் எச்சில் உணவை நன்கு கொதிக்கவைத்த பிறகே கொடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் இறந்த பன்றியை விற்காமலும், ஆற்றிலோ காட்டோரத்திலோ வீசாமலும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தகவல் தர வேண்டும்.